எட்டுப் பேருக்குச் சமையல்

கோட்டோனு
6 ஜூலை 1997

தாக்கோவுக்கு,

உங்கள் ஊரில் மாடுகள் நலமா, மழை நலமா, உன் அப்பா அம்மா நலமா. கேட்க வேண்டியதையெல்லாம் முறைப்படி கேட்டுவிட்டேன். இனி என் கதைக்கு வருகிறேன்.

ஏப்ரலில் உன்னை அழைத்துப்போக உன் வீட்டு ஆட்கள் வந்தபோது நான் துறைமுகக் கிடங்கில் வேலையாக இருந்தேன். சாயங்காலம் திரும்பி வந்தால் பாய் சுருட்டி வைத்திருக்கிறது, அடுப்பு துடைத்து வைத்திருக்கிறது, நீ இல்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறவள் புருஷனிடம் சொல்லிக்கொண்டு போவதில்லை என்பது நம் முறை. எனக்கும் தெரியும். தெரிந்துவிட்டால் வலிக்காதா? பெண் பிறந்திருக்கிறாள் என்பதையே நிக்கிக்கும் கோட்டோனுவுக்கும் டாக்சி ஓட்டும் சனுசி சொல்லித்தான் கேள்விப்பட்டேன். அவன் கோழிக்கூடையை இறக்கிக்கொண்டே அதைச் சொன்னான்.

மூன்று மாதமாகத் தெருச் சாப்பாடு. காலையில் எண்ணெயில் பொரித்த மாவு உருண்டை, மதியம் துறைமுக வாசலில் களியும் மீன் குழம்பும், ராத்திரிக்கு வெறும் ரொட்டி. வயிறு கெட்டு, கால்சட்டையைக் கயிற்றால் கட்டிக்கொண்டு அலைகிறேன். போன வாரம் பெல்லோ அண்ணன் வந்திருந்தார். வந்ததும் அடுப்பைத்தான் தொட்டுப் பார்த்தார்.

"எத்தன நாளா இது எரியல?"

"ஏப்ரல்லேர்ந்துண்ணே."

"அவ வர ரெண்டு வருசம் ஆகும். அது வரைக்கும் தெருத்தெருவா இலைக்கு அலையப் போறியா? மாமா பொண்ணு கும்போ சும்மாதான இருக்கா. வந்து பொங்கிப் போடட்டும்."

 அப்பா இறந்தபின் என்னை வளர்த்துப் பள்ளிக்கூடம் அனுப்பியவர் அவர். அவர் எதிரில் எனக்கு வாய் திறக்காது என்று உனக்குத் தெரியும்.

அதனால்தான் எழுதுகிறேன். ஆகஸ்ட் முடிவதற்குள் வந்துவிடு. இரண்டு வருடம் தாய்வீட்டில் இருப்பதெல்லாம் மாட்டோடு திரிகிறவர்களுக்கு. இங்கே யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

யேரோ


நிக்கி
15 ஜூலை 1997

கோட்டோனு வீட்டில் இருப்பவருக்கு,

மாடுகள் நலம். மழை நலம். அப்பா அம்மா நலம். நான் நலம் என்று எழுதவில்லை.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை பாவமாக இருந்தது. இரண்டாம் முறை கோபம் வந்தது. மூன்றாம் முறைதான் புரிந்தது, கடிதம் முழுக்க உங்கள் வயிறுதான் இருக்கிறது. நான் எப்படிப் பிழைத்தேன் என்று ஒரு வரி கேட்கவில்லை.

நான் வர முடியாது. பிள்ளை நடந்து, பால் மறந்த பிறகுதான் கிளம்ப வேண்டும். பாதியில் கிளம்பினால், பெற்ற பெண்ணுக்குக் கஞ்சி ஊற்ற வக்கில்லாத வீடு என்று என் அம்மாவைத்தான் பேசுவார்கள். கல்யாணத்தன்று உங்கள் அண்ணன் இதற்கெல்லாம் தலையாட்டினார். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஆட்டினீர்கள். நான் பாய்த் தடுப்புக்குப் பின்னாலிருந்து பார்த்தேன்.

அடுத்தது கும்போ. சமைக்க வந்த பெண் சமைத்துவிட்டுத் திரும்பிப் போனதாக எங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? முதல் மாதம் களி கிண்டுவாள். இரண்டாம் மாதம் உங்கள் சட்டையைத் துவைப்பாள். மூன்றாம் மாதம் உங்கள் அண்ணன் இமாமைக் கூட்டிக்கொண்டு வருவார். என் பெரியம்மாவுக்கு இப்படித்தான் நடந்தது. இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லவில்லை என்று வேண்டாம். அவள் கையால் அந்த அடுப்பு எரிந்தால் நான் அந்த வீட்டுக்குத் திரும்பமாட்டேன்.

சாப்பாடுதான் பிரச்சினை என்றால் அதற்கு ஒரு பெண் வேண்டாம். சனுசியிடம் நாலு பாலாடைக்கட்டி கொடுத்தனுப்புகிறேன். நேற்று வழக்கம்போல் எருக்கம்பால் விட்டு நானே உறைய வைத்தது. மீதி எல்லாம் உங்கள் வீட்டுச் சுவரோரம் டப்பாக்களில் இருக்கிறது.

முதலில் கட்டியை உப்புத் தண்ணீரில் ஒரு கொதி விடுங்கள். அப்போதுதான் வழியில் பிடித்த வாடை போகும். பிறகு விரல் கனத்துக்குத் துண்டு போட்டு, ஈரம் துடைத்து, கடலை எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். பயப்படாதீர்கள், இது உருகாது. நாலு பக்கமும் சிவந்ததும் எடுத்து வையுங்கள். அதே எண்ணெயில் வெங்காயம், நசுக்கிய பூண்டு, மிளகாய், நாலு தக்காளி. தக்காளி இல்லையென்றால் டப்பாத் தக்காளி ஒரு கரண்டி. எண்ணெய் மேலே பிரிந்து வந்ததும் கட்டியைப் போட்டு மூடிவிடுங்கள். களி கிண்டத் தெரியாவிட்டால் சோறு போதும்.

நம் ஆட்களில் ஆண்கள் பால் கறப்பதோடு சரி, கறந்தது பெண்கள் கைக்கு வந்தபின் தொடமாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். கதவைச் சாத்திக்கொண்டு செய்யுங்கள். வெட்கத்தைவிடப் பெரிய விஷயம் இது.

தாக்கோ


கோட்டோனு
28 ஜூலை 1997

தாக்கோவுக்கு,

நீ சொன்னபடியே கதவைச் சாத்தினேன். ஜன்னலையும் சாத்தினேன். அதுதான் தப்பு.

எண்ணெய் காய்ந்ததா என்று எப்படிப் பார்ப்பது என நீ எழுதவில்லை. புகை வந்தால் காய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். புகை வந்தது. துண்டு எட்டையும் ஒரே போடாகப் போட்டேன். ஈரம் துடைக்க மறந்துவிட்டேன். எண்ணெய் என் முகத்துக்கு வந்தது, புகை கதவிடுக்கு வழியாக முற்றத்துக்குப் போனது. வாடகைக்கு இருக்கிற ஐந்து குடும்பமும் தீ என்று ஓடி வந்துவிட்டார்கள். எதிர்வீட்டு அஃபியாவி அக்கா தோளால் இடித்துக் கதவைத் திறந்தாள். நான் உன் மேல்துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு கரண்டியோடு நிற்கிறேன்.

"ஏம்ப்பா, வீட்டக் கொளுத்துறியா, இல்ல சமைக்கிறியா?" என்றாள்.

"சமைக்கிறேன்க்கா."

"அப்ப கொளுத்தறதுன்னா எப்படி இருக்கும்?"

முற்றமே சிரித்தது. இந்த ஊர்க்காரர்களுக்கு நம் வெட்கமெல்லாம் புரியாது. அவர்கள் ஆண்களும் அவசரத்துக்குச் சமைப்பார்களாம். ஒரு வெங்காயச் சருகை எண்ணெயில் போட்டு, அது சலசலவென்று ஓடினால் பதம் என்று அஃபியாவி அக்கா காட்டிக் கொடுத்தாள். மறுநாள் மிச்சமிருந்த மூன்று கட்டியில் ஒன்றை எடுத்து மறுபடி செய்தேன். சட்டியோடு உட்கார்ந்து முழுவதையும் தின்றேன். கடைசித் துண்டு வாயில் இருக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ உப்புப் போடும் அளவு அது.

நீ எப்படிப் பிழைத்தாய் என்று நான் கேட்காதது தப்புதான். இப்போது கேட்கிறேன். பிள்ளையைப் பற்றியும் ஒரு வார்த்தை எழுது. யார் சாயல்?

அண்ணனுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. நேரம் பார்த்துச் சொல்கிறேன்.

யேரோ


நிக்கி
9 ஆகஸ்ட் 1997

கோட்டோனு வீட்டில் இருப்பவருக்கு,

நீங்கள் கதவைச் சாத்திய கதையைப் படித்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அம்மா என்ன என்று கேட்டாள். சொல்லவில்லை. அப்பா காதுக்குப் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

பிரசவம் ஒன்றரை நாள். அதற்கு மேல் எழுத மாட்டேன். தலைப்பிள்ளையைப் பற்றி நான் பேசக் கூடாது, எழுதவும் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். தூங்கும்போது இடது புருவத்தை மட்டும் உயர்த்துகிறாள், யாரோ பொய் சொல்லி மாட்டிக்கொண்ட மாதிரி. அது யார் சாயல் என்று நீங்களே கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள். போன வாரம் அவளுக்குச் சுரம், ஐந்து நாள். இப்போது இல்லை. அந்த ஐந்து நாளும் நீங்கள் வேண்டும் போலிருந்தது. இதையும் எழுதியிருக்கக் கூடாது.

இந்தத் தடவை சிவப்புக் கட்டி அனுப்புகிறேன். சோளத்தட்டைச் சாறில் கொதிக்க வைத்தது, வெள்ளையைவிட அதிக நாள் தாங்கும். தினமும் ஒருமுறை உப்புத் தண்ணீரில் கொதிக்க விடுங்கள், அவ்வளவுதான். சமையலில் ஒவ்வொரு நாளும் மல்லுக்கட்ட வேண்டாம். ஸ்பகெட்டி ஒரு பாக்கெட் வேகவைத்து, வெங்காயமும் டப்பாத் தக்காளியும் வதக்கி, கட்டியைப் பொரித்து உதிர்த்துப் போட்டால் ஒரு வேளை ஆயிற்று. மரவள்ளி ரவையில் தண்ணீர் தெளித்து ஊற வைத்து, மிளகாய் காய்ச்சிய எண்ணெய் விட்டு, பொரித்த துண்டோடு தின்றால் இன்னொரு வேளை. காராமணி வேகவைத்திருந்தால் அதிலேயே கட்டியைப் போட்டுவிடலாம். நேற்றைய ரொட்டி கல்லாகக் கிடந்தால் நடுவில் கீறி, கட்டியும் பச்சை வெங்காயமும் வைத்து, சட்டியில் அழுத்திச் சுடுங்கள். எதற்கும் கால் மணிக்கு மேல் ஆகாது.

ஆனால் இதையெல்லாம் எதற்காகக் கற்றுக் கொடுக்கிறேன் என்பதை மறந்துவிட்டீர்கள். நேரம் பார்த்துச் சொல்கிறேன் என்கிறீர்கள். எந்த நேரம்? அவள் பெட்டியோடு இறங்குகிற நேரமா? உங்கள் அண்ணன் உங்களை வளர்த்தார், சரி. அவரிடம் "வேண்டாம், நானே சமைத்துக்கொள்கிறேன்" என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். வாய் வராவிட்டால் கை இருக்கிறது. அடுத்த கடிதத்தில் எழுதிவிட்டேன் என்று இருக்க வேண்டும்.

தாக்கோ


கோட்டோனு
20 ஆகஸ்ட் 1997

தாக்கோவுக்கு,

இப்போது என்னைப் பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. கயிறு போய் மறுபடி பெல்ட் வந்துவிட்டது. ஸ்பகெட்டி இரண்டு தரம் செய்தேன். ரொட்டியில் வைத்துச் சுட்டதைக் கிடங்குக்கு எடுத்துப் போனேன், பக்கத்து மேசைக்காரர் பாதியைப் பிடுங்கிக்கொண்டார். களிகூடக் கிண்டிவிட்டேன். முதலில் கட்டி தட்டியது, அஃபியாவி அக்கா துடுப்பைப் பிடித்து மாவைப் பானையின் சுவரில் அடித்து அடித்துக் கிண்டச் சொன்னாள். தோள் இன்னும் வலிக்கிறது. அவள் என்னை இப்போது "நிக்கி மருமகளே" என்றுதான் கூப்பிடுகிறாள்.

அண்ணனுக்கு எழுத உட்கார்ந்தேன். "மதிப்புக்குரிய அண்ணனுக்கு" என்பதோடு நின்றுவிட்டது. ஆனால் நீ பயப்பட ஒன்றுமில்லை. அவருக்கும் என்மேல் வருத்தமில்லை என்று தெரிகிறது. போன வெள்ளிக்கிழமை வேறொரு டிரைவரிடம் விசேஷங்களில் பங்கிட்டு மெல்லும் கோலாக் கொட்டை ஒரு பை கொடுத்தனுப்பியிருக்கிறார். எல்லாம் வெள்ளை, நல்ல முற்றல், எண்ணிப் பார்த்தேன், நாற்பது. "உங்க பக்கத்து ஆளுங்களுக்கு எல்லாருக்கும் குடுக்கச் சொன்னாரு" என்றான் டிரைவர். பிள்ளைக்குப் பெயர் வைத்தபோது எனக்கு வராமல் போன பங்கை இப்போது அனுப்பியிருக்கிறார் போலும். கிடங்கில் எல்லாருக்கும் கொடுத்தேன், முற்றத்திலும் கொடுத்தேன். பள்ளிவாசல் பெரியவர் இரண்டு எடுத்துக்கொண்டு துவா செய்தார். எனக்கும் மனசு நிறைந்துவிட்டது.

கட்டி இன்னும் இரண்டுதான் இருக்கிறது.

யேரோ


நிக்கி
27 ஆகஸ்ட் 1997

நாற்பது வெள்ளைக் கோலா. பிள்ளைக்குப் பெயர் வைக்க யாராவது நாற்பது வெள்ளைக் கோலா அனுப்புவார்களா? நீங்கள் எந்த வீட்டில் பிறந்தீர்கள்?

உங்கள் அண்ணன் ஆகஸ்ட் பத்தாம் தேதி கும்போவின் அப்பா வீட்டுக்கு எண்பது கொண்டு போயிருக்கிறார். அவர் பாதியை வைத்துக்கொண்டு பாதியை, மாப்பிள்ளை தன் பக்கத்தில் பகிரட்டும் என்று திருப்பியிருக்கிறார். பகிர்ந்தால் கல்யாணத்துக்குச் சம்மதம். வேண்டாம் என்றால் பையை அவிழ்க்காமல் திருப்பி அனுப்ப வேண்டும். நீங்கள் அவிழ்த்து, எண்ணி, பள்ளிவாசல் பெரியவருக்குக் கொடுத்து, துவாவும் வாங்கியிருக்கிறீர்கள். சாட்சிக்கு ஒரு கிடங்கே இருக்கிறது.

இது எனக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? சந்தையில் கட்டி விற்றுக்கொண்டிருந்தோம். கும்போவின் சித்தி வந்து அம்மாவிடம், "ஒங்க மாப்பிள்ள கோலாவ டவுன்ல பங்கு வச்சுட்டாராமே, நல்லது நல்லது" என்றாள். அம்மா கட்டியை அடுக்கிக்கொண்டே "நல்லது" என்றாள். என் கையிலிருந்த கட்டி இரண்டாக உடைந்தது. அதை யாரும் வாங்கவில்லை.

நீங்கள் வேண்டுமென்றே செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். அதுதான் இன்னும் எரிகிறது. வேண்டுமென்று செய்திருந்தால் உங்களை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். ஒரு வாக்கியம் எழுதச் சொன்னேன். அதை எழுதியிருந்தால் அந்தப் பை வந்திருக்காது.

இந்தத் தடவை கூடையில் கட்டி இல்லை. உங்கள் கூடையைக் காலியாகத் திருப்பி அனுப்புகிறேன்.


கோட்டோனு
7 செப்டம்பர் 1997

தாக்கோவுக்கு,

காலிக் கூடையைச் சனுசி கொடுத்தபோது, "வேற ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டேன். "அந்தக்கா மொகத்தப் பாத்துட்டு நான் எதுவும் கேக்கலண்ணே" என்றான்.

உன் கடிதத்தைப் படித்தபின் அண்ணனுக்குத் தொலைபேசி நிலையத்திலிருந்து பேசினேன். ஆமாம், பேசினேன். தெரியாமல் பகிர்ந்துவிட்டேன் என்றேன். அவர் சிரித்தார். "தெரிஞ்சு தின்னாலும் தெரியாம தின்னாலும் வாய் செவந்தது செவந்ததுதான்டா. உனக்கு நல்லதுதான் பண்றேன். பட்டினி கெடக்கற தம்பிய வச்சிட்டு நான் எப்படிச் சோறு திங்கறது?" என்றார்.  அவர் அன்பில்தான் செய்கிறார், தாக்கோ. அதுதான் அவரை எதிர்க்க முடியாமல் செய்கிறது.

14ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். அண்ணன், கும்போவின் அப்பா, பெரியவர்கள் நாலு பேர், கும்போ. என்னோடு எட்டு. வந்து சாப்பிட்டுவிட்டு, பெண்ணை விட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு. சாப்பாட்டை அஃபியாவி அக்காவிடம் சொல்லிவிடச் சொன்னார் அண்ணன். நான் சரி என்றேன்.

உன்னிடம் கேட்கக் கூடாததைக் கேட்கிறேன். எட்டுப் பேருக்கு எப்படிச் சமைப்பது? பெரிய விருந்துக்கு நீ செய்வாயே, வேர்க்கடலை அரைத்துவிட்ட குழம்பு, அது. எவ்வளவு தண்ணீர், எப்போது கட்டியைப் போடுவது, எல்லாம் எழுது. கட்டியும் வேண்டும். எதற்கு என்று கேட்காதே. கேட்டால் எனக்கு எழுதவே தைரியம் போய்விடும்.

யேரோ


நிக்கி
11 செப்டம்பர் 1997

எதற்கு என்று கேட்கவில்லை. ஆனால் நினைக்காமல் இருக்க முடியவில்லை. வரப்போகிறவளுக்கு விருந்து வைக்க முதல் பெண்டாட்டியிடமே பக்குவம் கேட்கிறீர்களா என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். அஃபியாவி அக்கா செய்யட்டும் என்று விட்டுவிடலாமே என்றும் நினைத்தேன். பிறகு விடியற்காலையில் எழுந்து எருக்கந்தழை பறித்து வந்தேன். மூன்று மாட்டுப் பாலும் சேர்த்துப் பத்துக் கட்டி. ஏன் செய்தேன் என்று எனக்கே தெரியாது. அழுதுகொண்டேதான் செய்தேன், உப்பு அதிகமாக இருந்தால் அதனால்தான்.

வறுத்த வேர்க்கடலை நாலு கிண்ணம் நைசாக அரைத்துக்கொள்ளுங்கள். கட்டி பத்தையும் கொதிக்கவிட்டு, பெரிய துண்டாகப் போட்டு, பொரித்து வையுங்கள். வெங்காயம் ஆறு, தக்காளி பன்னிரண்டு, இஞ்சி, மிளகாய். தக்காளி கரைந்ததும் கடலை விழுதை வெந்நீரில் கரைத்து ஊற்றுங்கள். இங்கேதான் எல்லாரும் அவசரப்படுவார்கள். நீங்கள் அவசரப்படாதீர்கள். அடி பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருங்கள், கடலையே தன் எண்ணெயை வெளியே விடும். விட்டபின்தான் கட்டி. கட்டி விழுந்த பிறகு கரண்டி போடக் கூடாது, பானையைப் பிடித்துக் குலுக்க வேண்டும். களிக்கு மாவு பத்துக் கிண்ணம். அதற்கு இரண்டு கை வேண்டும், இடையில் நிறுத்தக் கூடாது.

இனி நான் எழுத மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நீங்கள் எழுதுவதைப் பொறுத்து.


கோட்டோனு
16 செப்டம்பர் 1997

தாக்கோவுக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்தவில்லை. அடுப்பை முற்றத்து நடுவில், மாமரத்தடியில் வைத்தேன். குழம்பை முன்பே முடித்துவிட்டேன். களியை மட்டும் அவர்கள் வரும்வரை ஆரம்பிக்கவில்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும் மாவைக் கொட்டித் துடுப்பை எடுத்தேன்.

முதலில் உள்ளே வந்தவர் அண்ணன். என்னைத் தேடி அறைப் பக்கம் பார்த்தார். பிறகு அடுப்பைப் பார்த்தார். பானைக்கு அண்டை கொடுத்த கட்டைகளை இரண்டு காலாலும் மிதித்துப் பிடித்துக்கொண்டு, சட்டைக் கையைச் சுருட்டி, வேர்த்து ஊற்ற நான் கிண்டிக்கொண்டிருக்கிறேன். அவர் பின்னால் மாமா. அவர் பின்னால் பெரியவர்கள்.

"டேய், எந்திரி. அந்தக்காவ கிண்டச் சொல்லு," என்றார் அண்ணன், உதடு அசையாமல்.

"நிறுத்தினா கட்டி தட்டிடும்ணே."

"எந்திரிடாங்கறேன்."

"ஆச்சுண்ணே. ஒக்காருங்க."

வாழ்க்கையில் முதல் முறையாக அவர் சொன்னதை நான் செய்யவில்லை.   அஃபியாவி அக்கா கும்போவைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். நானே கிண்ணத்தில் எடுத்து வைத்தேன், நானே கை கழுவத் தண்ணீர் ஊற்றினேன். பெரியவர்கள் மாமாவின் முகத்தைப் பார்த்தார்கள். மாமா குழம்பைப் பார்த்தார். வாசனை அப்படி. கடைசியில் ஒரு துண்டைப் பிட்டு வாயில் வைத்தார்.

"இது யார் செஞ்சது?"

"நான்தான் மாமா."

"பொரிச்சது?"

"அதுவும்தான்."

"ஒனக்கு எவன் சொல்லிக் குடுத்தான்?"

"எம் பொண்டாட்டி. கடுதாசியில. ஜூலையிலேர்ந்து நான்தான் பொங்கித் திங்கறேன். ஒரு வேளையும் பட்டினி இல்ல."

மாமா மெதுவாக முழுங்கினார். "பெல்லோ," என்றார் அண்ணனைப் பார்த்து, "தம்பி சோத்துக்கு இல்லாம கெடக்கறான்னுதான எம் பொண்ணக் கேட்ட?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"அடுப்ப ஆம்பள வச்சிக்கிட்டா எம் பொண்ணு இங்க எதப் புடிச்சிக்கிட்டு நிப்பா? அதோட, நாளைக்கு ஊர்ல என்னா சொல்லுவானுங்க? துடுப்பு புடிச்சவனுக்குப் பொண்ணக் குடுத்தான்னு என்னையில்ல சிரிப்பானுங்க." கையைக் கழுவினார். "நான் வச்சிக்கிட்ட நாப்பது கோலாவும் ஒன்கிட்ட திரும்பி வரும். பேச்சு முறிஞ்சது. கும்போ, எந்திரி."

அவள் எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இரண்டாம் கிண்ணத்தில் பாதியில் இருந்தாள். போகும்போது என் பக்கம் பார்க்காமல், "கொழம்பு நல்லா இருந்துச்சு" என்று மெதுவாகச் சொன்னாள். அவளுக்கும் இங்கே வர இஷ்டமில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

அண்ணன் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. தண்ணீரும் குடிக்கவில்லை. வண்டி ஏறும்போது, "நீ என்னைய அம்மணமா நிறுத்திட்ட" என்றார். அதற்குப் பிறகு தொலைபேசியில் கூப்பிட்டால் வைத்துவிடுகிறார். நான் ஜெயித்தேனா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் இந்த அடுப்பை வேறு யாரும் தொடவில்லை.

உப்பு சரியாகத்தான் இருந்தது.

யேரோ


நிக்கி
30 செப்டம்பர் 1997

கோட்டோனு வீட்டில் இருப்பவருக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே கதை இங்கே வந்துவிட்டது. சந்தையில் பெண்கள் என்னைப் பார்த்து ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். கிணற்றடியில் ஒருத்தி, "ஒம் வீட்டுக்காரர் பால் தோய்ப்பாராமே, எனக்கு ஒரு கட்டி கேட்டு வாங்கிக் குடேன்" என்றாள். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு உங்கள் அண்ணன் வந்தார். மெலிந்திருக்கிறார். அப்பாவிடம் பேசினார், நான் குடிசைக்குள் இருந்து கேட்டேன். "அது பக்கத்து வீட்டம்மா சமைச்சது. தம்பி வெளையாட்டுக்குத் துடுப்பப் புடிச்சான். எல்லாரும் அப்படியே சொல்லிருவோம். ரெண்டு வீட்டு மானமும் பொழைச்சிரும். கும்போ அப்பாவையும் நான் சமாதானம் பண்ணிக்கறேன்," என்றார். அதாவது, நீங்கள் சமைக்கவில்லை என்றால் உங்களுக்குச் சமைக்க ஆள் வேண்டும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அப்பா என்னை வெளியே கூப்பிட்டார். உங்கள் அண்ணனும் இருந்தார், அம்மாவும் இருந்தாள். இப்படிப்பட்ட இடத்தில் நான் இதுவரை நின்றதில்லை.

"அவன் சமைக்கிறானா?" என்றார் அப்பா.

எனக்கு உங்கள் அண்ணன் முகம் தெரிந்தது. அவர் கெஞ்சுகிற மாதிரி பார்த்தார். இல்லை என்று ஒரு தலையசைப்பு போதும், அப்பாவின் மானம் திரும்பும், நானும் முறைப்படி இரண்டு வருடம் இருந்துவிட்டு வருவேன், இரண்டு அடுப்பு உள்ள வீட்டுக்கு.

"சமைக்கிறாருப்பா. தெனமும். நான்தான் எழுதிக் குடுத்தேன்."

"ஆம்பளைய அடுப்புல ஒக்கார வச்ச பொண்ணு எம் பொண்ணுன்னு நான் எங்க போயிச் சொல்ல?"

"எங்கயும் சொல்ல வேணாம். நான் போறேன்."

 அப்பா கத்தாமல்தான் சொன்னார். "நாள் நெறையறதுக்கு முன்னாடி படி தாண்டினா, அந்த மூணு மாட்டையும் மறந்துரு. அதுங்க கன்னும் ஒன்னுது இல்ல."

நீங்கள் அந்த மாடுகளைப் பார்த்ததில்லை. பெரியதன் தாயை நான் பிறந்த வாரமே எனக்கென்று ஒதுக்கினார்கள். மற்ற இரண்டும் பெரியதன் வயிற்றில் வந்தவை. உங்களுக்கு வந்த கட்டியெல்லாம் அவற்றின் பால். இன்று காலையில் போய் மூன்றையும் தடவிக் கொடுத்துவிட்டு வந்தேன். பெரியது என் கையை நக்கியது. நான் நிற்கவில்லை. நின்றால் கிளம்ப மாட்டேன் என்று பயமாக இருந்தது. இனி நாமும் கோட்டோனுக்காரர்களைப் போலச் சந்தையில்தான் கட்டி வாங்க வேண்டும்.

அம்மா பிள்ளையை முதுகில் கட்டும் துணியை எடுத்து இரண்டு முறை உதறி, என் தோளில் போட்டாள். அவளைத்தான் ஊர் பேசப் போகிறது.

சனிக்கிழமை சனுசி வண்டியில் வருகிறேன். ஜூலையில் நீங்கள் வா என்று கெஞ்சியதற்காக அல்ல. பசி என்று எழுதியதற்காகவும் அல்ல. ஆறு ஆண்கள் பார்க்க, துடுப்பை விடாமல் உட்கார்ந்திருந்தீர்களே, அதற்காக வருகிறேன்.

அன்று எனக்கும் சேர்த்துச் சமையுங்கள். கல்யாணமாகி மூன்று வருடம் ஆகிறது. புருஷன் எதிரில் மனைவி வாயை அசைக்கக் கூடாது என்பார்கள், ஒரு நாள்கூட நான் மென்றதை நீங்கள் பார்த்ததில்லை. உங்களுக்கு வைத்துவிட்டு உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பித்தான் தின்றேன். சனிக்கிழமை முற்றத்திலேயே பாயைப் போடுங்கள். நான் உங்கள் எதிரில் உட்கார்ந்து சாப்பிடப் போகிறேன்.

தாக்கோ